தேய்ந்த காசும் பிழைபட்ட காசும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில் சில்லறைக் காசைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். காசை நோட்டம் பார்க்கும் கலையைத் தமிழர் ஒருபோதும் இழிவாகக் கருதியதில்லை. சங்கப் புலவர் வரிசையில் வண்ணக்கன் என்னும் சொல்லைத் தாங்கிய பெயர்கள் சில உள. வடம வண்ணக்கன் தாமோதரனார் அவர்களுள் ஒருவர். வண்ணக்கன் என்பான் நாணயத்தின் தரத்தைச் சோதித்துச் சொல்பவன் என்று அறிஞர் பொருள் கூறுவர். காசைச் சுண்டி ஓசை கேட்ட செவியே பாட்டின் ஓசையையும் கேட்டது போலும்! அப்பெரியோர் செய்த தொழிலில் ஒரு சிறு பகுதியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். கையில் புழங்கும் காசில் ஒரு குறை தெரிந்தால், அது நாணயச்சாலையில் பிறக்கும்போதே வந்த பிழையா, கை மாறிக் கை மாறித் தேய்ந்ததால் வந்த குறையா என்று பிரித்தறிவது எப்படி? இதுவே இன்றைய பொருள்.

நம் சங்கத்தில் நாணயம் சேர்க்கும் அன்பர் சிலர் மாதந்தோறும் கூடிப் பேசுகிறோம். நம்மை நாடி வருவோர் இரு வகையினர். ஒரு வகையினர், கடைக்காரர் வாங்க மறுத்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு வருவோர். எழுத்து மங்கிவிட்டது, ஆகவே செல்லாது என்று யாரோ சொல்லியிருப்பார். மற்றொரு வகையினர், அதே எழுத்து மங்கிய காசு இலட்ச ரூபாய் பெறும் என்று கேள்விப்பட்டு ஓடி வருவோர். இவர்களுள் சிலரிடம், விற்றுத் தருவதற்குப் பதிவுக் கட்டணம், தரகு, வரி என்று சொல்லி முன்பணமும் பறித்திருக்கிறார்கள். பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்போரை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4 அன்று அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஏமாறுகிறவர் பெரும்பாலும் சிறு வருவாயினர். ஒருவர் நல்ல காசைச் செல்லாக்காசென்று இழக்கிறார். மற்றவர் தேய்ந்த காசைப் புதையலென்று நம்பி இழக்கிறார். இருவரும் அறிய வேண்டியது ஒன்றே.

அதனை அறியக் காசு பிறக்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். நாணயம் அடிக்கும் இடத்தைப் பழந்தமிழில் அக்கசாலை என்றனர். கொற்கைக்கு அருகே அப்பெயரில் ஓர் ஊர் இன்றும் உண்டு. சென்னையில் தங்கசாலைத் தெரு இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நாம் குடியேறி வாழும் இக்கொல்கத்தாவிலோ நாணயச்சாலை வெறும் தெருப்பெயராக நின்றுவிடவில்லை. ஸ்டிராண்டு சாலையில் 1829 முதல் இயங்கிய பழைய சாலைக்குப் பின், 1952-ஆம் ஆண்டு மார்ச்சு 19 அன்று அலிப்பூர்ச் சாலை திறக்கப்பட்டது. மும்பை, ஐதராபாது, நொய்டா ஆகிய மூன்றும் அதன் உடன்பிறப்புகள்.

அங்கு நடப்பதை நம் வீட்டு அடுக்களையைக்கொண்டே விளக்கிவிடலாம். மாவைப் பிசைந்து, குழவியால் தேய்த்துப் பரப்பி, தம்ளரைக் கவிழ்த்து வட்ட வட்டமாக வெட்டுகிறோம் அல்லவா? அவ்வாறே உலோகத்தை உருக்கி வார்த்து, உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கி, அத்தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி எடுப்பர். வில்லையின் ஓரத்தை நெருக்கி உருட்டிச் சற்றே உயர்த்துவர். உலையிலிட்டு இளக்கி, அழுக்கு நீக்கிக் கழுவுவர். பின்னர் மேலோர் அச்சும் கீழோர் அச்சுமாக நடுவில் வில்லையை வைத்து, பக்கங்களில் உலோகம் பிதுங்காதபடி ஒரு வளையத்தால் அணைத்து, ஒரே அடி! தலையும் பூவும் ஒருங்கே பதிந்துவிடும். ஆகவே பிழை என்பது வில்லையில் வரலாம், அச்சில் வரலாம், அடிக்கும் கணத்தில் வரலாம். இம்மூன்றில் ஒன்றிலும் பொருந்தாத குறை, காசு வெளியேறிய பின் நேர்ந்ததே.

இனித் தலையாய விதியைச் சொல்கிறோம். புழக்கத்தில் காசு இழக்குமேயன்றிப் பெறாது. உராய்ந்தால் உலோகம் போகும். அடிபட்டால் உலோகம் இடம்பெயரும். அமிலம் பட்டால் அரித்துப் போகும். புதிதாக உலோகம் வந்து அதன்மேல் முளைப்பதில்லை. எனவே காசின் வெறுவெளியில் மயிரிழை போன்ற ஒரு கோடு மேடாக எழுந்து நின்றால், அது அச்சில் விழுந்த விரிசலின் நிழல். அச்சிற் பள்ளமே காசில் மேடாகும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அவ்விரிசலுள் உலோகம் புகுந்து உறைந்ததால் வந்த கோடு அது. மாறாக, ஆணியோ கல்லோ கிழித்த கோடு பள்ளமாக இருக்கும்; உழுத சாலின் இருமருங்கும் மண் ஒதுங்குவதுபோல, அதன் இருகரையிலும் ஒதுங்கிய உலோகம் சிறு வரம்பாக நிற்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாதவர் நகத்தால் மெல்லத் தடவிப் பார்க்கலாம். நகம் பள்ளத்தில் விழுகிறதா, மேட்டில் இடறுகிறதா என்பதே போதும். (பற்றாசு, பசை, சாயம் இவை ஒட்டிக்கொண்டு மேடாகத் தோன்றுவதுண்டு. அது ஒட்டியது என்பது ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.)

அச்சின் ஓரத்துண்டே உடைந்து விழுந்துவிடுவதும் உண்டு. அப்போது காசின் ஓரத்தில் எழுத்தும் கோடுமற்ற ஒரு தடித்த திட்டு எழும். அதற்கு நேர் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பொறிப்பு மங்கியிருக்கும். உலோகம் இப்பக்கத்துப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டமையால் அப்பக்கத்தில் அழுத்தம் குறைந்துவிட்டது. பிழை உண்மையாயின் மறுபுறமும் சாட்சி சொல்லும். நம்மைப் பலமுறை காப்பாற்றிய சோதனை இது.

அடுத்து, எழுத்து மங்கிய காசுகள். நம்மிடம் வருவனவற்றுள் இவையே மிகுதி. இவற்றிலேதான் மயக்கமும் மிகுதி. தேய்மானத்திற்கு ஓர் ஒழுங்கு உண்டு. எது உயர்ந்து நிற்கிறதோ அதுதான் முதலில் தேயும். சிங்கத் தலையின் மேடான பகுதிகள், பெரிய எண்ணின் முகடு, விளிம்பு ஆகியவை முதலில் வழவழப்பாகும். பள்ளமான இடங்களில் ஆதிப் பளபளப்பும் அழுக்கும் எஞ்சி நிற்கும். ஓரிடம் மட்டும் தேய்ந்து அடுத்த இடம் புதிதாக இருப்பது அரிது. ஆனால் அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் சேர்ந்து அடைத்துக்கொண்டால், அந்த எழுத்து மட்டும் பதியாது போகும். பக்கத்து எழுத்து கூர்மையாக இருக்க, இடையில் ஓர் எழுத்து நீரில் கரைந்ததுபோல் மறைந்திருக்கும்; மறைந்த இடத்தின் மெருகு சுற்றியுள்ள மெருகோடு ஒத்திருக்கும். அதுவே அடைபட்ட அச்சின் அடையாளம். யாரேனும் அரத்தால் சுரண்டி எழுத்தை நீக்கியிருந்தால் அவ்விடத்தின் மெருகு மாறியிருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் கீறல்கள் ஒருதிசையாக ஓடுவது தெரியும்.

அடி வலுவின்றி விழுந்த காசும் தேய்ந்த காசுபோலவே தோன்றும். துருப்பிடியா எஃகு கடினமான உலோகம். அச்சின் ஆழமான மூலைகளை எளிதில் நிரப்பாது. 1992 முதல் ஒரு ரூபாய் எஃகில் வரத் தொடங்கியபின் இக்குறையை நாம் அடிக்கடி காண்கிறோம். தேய்ந்த இடம் வழவழப்பாகவும் சற்றே மங்கலாகவும் இருக்கும். வலுவின்றி அடிபட்ட இடமோ சொரசொரப்பாக, வில்லையாக இருந்த காலத்துத் தோலோடு அப்படியே இருக்கும். சிங்க முகம் தெளிவின்றி, ஆனால் விளிம்பும் ஓரத்து எழுத்தும் கூராக இருந்தால் அது மெலிந்த அடி என்று கொள்ளலாம். பிழைதான், ஆயினும் விலைமதிப்பற்ற பிழை! நாள்தோறும் கையிற் கிடைப்பதற்கு யார் விலை கொடுப்பார்?

பிறை வடிவில் ஓரம் குறைந்த காசுகளுக்கு வருவோம். தம்ளரால் மாவை வெட்டும்போது முன்பு வெட்டிய ஓட்டையின்மேல் தம்ளர் சற்று ஏறிவிட்டால் வட்டத்தில் ஒரு பிறை குறைந்துவிடும். தகட்டிலும் அதே கதை. அவ்வாறு குறைந்த வில்லையை ஓரம் உருட்டும் பொறியில் இட்டால், குறைந்த பக்கத்தில் எதிர் அழுத்தம் இராது. ஆதலால் அதற்கு நேர் எதிர்ப்புறத்து விளிம்பும் சரியாக எழாது. காசைச் சுழற்றிப் பாருங்கள். பிறைக்கு எதிரே விளிம்பு மெலிந்து கரைந்திருந்தால் அது நாணயச்சாலையின் குழந்தை. எதிரே விளிம்பு திண்ணென்று நின்றால், யாரோ அரத்தையோ வெட்டுளியையோ எடுத்திருக்கிறார் என்று ஐயுறலாம். பிறையின் அருகிலுள்ள எழுத்துகளையும் நோக்குக. உண்மையான குறையில் அவ்வெழுத்துகள் வெற்றிடத்தை நோக்கிச் சற்றே இழுபட்டிருக்கும். வெட்டப்பட்ட காசிலோ கத்தியால் அரிந்த வாழைத்தண்டுபோல் எழுத்து நறுக்கென்று முடியும்.

இரயில் தண்டவாளத்தில் காசை வைத்து நசுக்கிப் பார்க்காத பிள்ளை உண்டோ? அவ்வாறு அகன்ற காசையும், வளையத்தின் அணைப்பின்றி அடிபட்டு அகன்ற காசையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். வளையமின்றி அடிபட்டதில் நடுப்பொறிப்பு முழுக் கூர்மையோடு இருக்கும். விளிம்பு மட்டும் கரைந்து பரவியிருக்கும். சக்கரம் ஏறிய காசில் இருபுறப் பொறிப்புமே தட்டையாகி நீண்டிருக்கும், சிங்கம் பூனையாகியிருக்கும்.

அடித்த காசு ஒன்று அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லையின்மேல் அது அச்சாக வேலை செய்வதும் நேர்கிறது. அப்போது கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாறிய, பள்ளமான உருவம் ஒருபுறம் பதியும். மறுபுறம் முறையான உருவம் இருக்கும். இது சேகரிப்போர் விரும்பும் பிழை. அதனாலேயே போலியும் பெருகிற்று. இரு காசுகளைச் சேர்த்து இடுக்கியில் இறுக்கினாலும் இடவலம் மாறிய உருவம் ஓரளவு பதிந்துவிடும். ஆனால் அவ்வாறு இறுக்கிய காசில், அப்பக்கத்தில் முன்பிருந்த சொந்தப் பொறிப்பும் நசுங்கிய நிலையில் அடியில் தெரியும். ஒரு முகத்தின்மேல் இரண்டு முகம்! உண்மைப் பிழையில் அப்பக்கத்திற்குச் சொந்த முகமே இராது, ஏனெனில் அதற்கு அச்சுப் பதியும் வாய்ப்பே கிடைக்கவில்லை.

எழுத்து இரட்டையாகத் தெரியும் காசுகளை விரிவாகப் பேச நேரமில்லை. படிக்கட்டுபோல் தட்டையான, தாழ்ந்த நிழலெழுத்து தெரிந்தால், அச்சு அடித்தபின் அதிர்ந்து உராய்ந்ததென்று கொண்டு செலவழித்துவிடுங்கள். இரு எழுத்தும் ஒரே உயரத்தில், மூலைகளில் பிளவோடு நின்றால் மட்டும் எடுத்து வையுங்கள்.

பொறிப்பு சுழன்ற காசு ஒன்றுதான் தேய்மானத்தோடு குழம்ப வழியில்லாதது. இந்தியக் குடியரசின் காசுகளில் தலைப்பக்கத்தை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் பூப்பக்கமும் நிமிர்ந்தே நிற்கும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு தன் இடத்தில் திரும்பிவிட்டது என்பது பொருள். எத்தனை ஆண்டு புழங்கினாலும் காசின் ஒரு பக்கம் மறுபக்கத்தை விட்டுச் சுழலாது. இரு உலோகக் காசில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தும் கைவினைஞர் உளர். சாலையில் வளையமும் நடுவட்டமும் ஒரே அடியில் பிணைகின்றன. இரண்டன் உலோகமும் ஒன்றுள் ஒன்று நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். பிரித்துப் பொருத்தியதில் அப்பூட்டு குலைந்து, இணைப்பில் இடைவெளியோ கீறலோ தெரியும்.

பிழையல்லாதவற்றைப் பிழையென்று விற்கும் வாணிகமும் உண்டு. ஆண்டின் கீழே மும்பைச் சாலை வைரக்குறியும், ஐதராபாது விண்மீனும், நொய்டா ஒரு புள்ளியும் இடும். நம் கொல்கத்தாச் சாலை குறி எதுவும் இடுவதில்லை. குறியின்மையே அதன் குறி! இதனை அறியாதவரிடம், சாலைக்குறி விடுபட்ட அரிய பிழை என்று அலிப்பூர்க் காசையே அதிக விலைக்கு விற்கிறார்கள், அதுவும் இந்நகரத்திலேயே! நொய்டாவின் புள்ளி மிகச் சிறிதாதலால் தேய்ந்தோ அச்சு அடைபட்டோ மறைவதும் எளிது. ஆகவே குறி இல்லை என்பதை மட்டும் கொண்டு எதனையும் நிறுவ இயலாது. 1985-ஆம் ஆண்டின் ஒரு ரூபாய்க் காசுகள் சிலவற்றில் ஆங்கில எச் எழுத்துக் காணப்படும். அதுவும் பிழையன்று, பர்மிங்காமின் ஹீட்டன் சாலையில் அடிக்கப்பட்டதன் குறி.

இனி, காசுக்கு வெளியே நேரும் கேடுகள். வெற்றிலை போடும் நம் பாட்டிமாரின் சுருக்குப்பையை நினைத்துப் பாருங்கள். அதில் சுண்ணாம்பு டப்பியோடு அலுமினியப் பைசாக்களும் கிடந்த காலம் ஒன்று இருந்தது. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். ஓரம் பொரிந்து, முகம் அம்மைத் தழும்பாகி, எடையும் குறைந்த அத்தகைய காசுகளை, மெல்லிய வில்லையில் அடித்த பிழை என்று கொண்டுவந்தவர் உண்டு. ஒரு பைசாவின் எடை முக்கால் கிராமே. அதில் சிறிது அரித்தாலும் எடையில் தெரிந்துவிடும். மெல்லிய வில்லையில் அடித்ததாயின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்து பொறிப்பு மட்டும் மெலிந்திருக்கும். அரிப்புண்டதாயின் மேற்பரப்பே மணல்மணலாக இருக்கும். இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டனவும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதனவாயின. எனினும் பெட்டியின் அடியில் அவை இன்னும் கிடக்கின்றன. அவற்றைப் பற்றிய கதைகளும் கிடக்கின்றன.

ஹூக்ளிப் பாலத்தைக் கடக்கும்போது கங்கைக்குக் காசு வீசும் வழக்கத்தை நாம் நாள்தோறும் காண்கிறோம். கயிற்றில் காந்தம் கட்டி அக்காசுகளை மீட்கும் சிறுவரையும் காண்கிறோம். எஃகுக் காசு காந்தத்தில் ஒட்டும். செம்பும் நிக்கலும் கலந்த பழைய காசு ஒட்டாது, சேற்றிலேயே தங்கிவிடும். இச்சிறுவரின் கருவி நமக்கும் உதவும். உலோகம் மாறிய அரிய காசு என்று ஒருவர் எஃகு ரூபாயைச் செம்பு நிறத்தில் நீட்டினால் காந்தத்தை அருகில் வையுங்கள். ஒட்டினால் பெரும்பாலும் மேலே பூச்சுத்தான். அடுத்துத் தராசு. 1992-இல் தொடங்கிய எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலமும் 4.85 கிராம் எடையும் உடையது. 2011-இல் வந்த இரண்டு ரூபாயும் அதே அகலம், அதே எடை! எண் தேய்ந்துவிட்டால் முதியவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இவ்வாறு வடிவமைத்ததை நாம் மெச்ச இயலாது. 2011-இன் ஒரு ரூபாய் 3.79 கிராமாகக் குறைந்தது. ஆகவே எடை குறைவென்று கூவுமுன் எந்த வரிசைக் காசு என்று பார்த்தல் வேண்டும்.

இதே வரிசைக் குழப்பம்தான் பத்து ரூபாய்க் காசுக்கும் கேடு செய்தது. ஒன்றில் பத்துக் கதிர், மற்றொன்றில் பதினைந்து கதிர்; ஒன்றில் ரூபாய்க் குறி உண்டு, மற்றொன்றில் இல்லை. ஆகவே ஒன்று கள்ளக்காசு என்று ஊர் பேசிற்று. ரூபாய்க் குறியே 2010-இல் ஏற்கப்பட்டு 2011 முதல்தான் காசில் ஏறியது. அதற்கு முந்திய காசில் அதை எப்படித் தேடுவது? அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று அறிவித்தது. அதன்பின்னும் பல ஊர்களில் பேருந்திலும் காய்கறிக் கடையிலும் அக்காசை மறுத்தனர். மறுத்தவருக்கு ஒரு நட்டமுமில்லை. நாட்கூலியைக் காசாகப் பெற்றவருக்கே அன்றைய இரவுச் சமையல் தடைப்பட்டது. வெவ்வேறு வடிவம் பிழையன்று. பிழைபட்ட அடியும் கள்ளக்காசன்று.

தேய்ந்த காசைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, வேண்டுமென்று உருச்சிதைக்கப்படாமலும், விதித்த அளவுக்குக் கீழே எடை இழக்காமலும் இருக்கும் காசு செல்லும். ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டனவும் ஆயிரம் ரூபாய் வரையிலான தொகைக்கும், அரை ரூபாய் பத்து ரூபாய் வரையிலான தொகைக்கும் சட்டப்படி செல்லும். வழக்கமான புழக்கத்தில் எழுத்து மங்கியது மட்டும் ஒரு காசைச் செல்லாததாக்கிவிடாது. கடைக்காரர் ஏற்காவிடினும் வங்கிக் கிளையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அரத்தால் அறுத்தும் உருக்கியும் செய்யும் விளையாட்டோ வேறு. காசை உருக்குவதும் அழிப்பதும் அதே சட்டத்தின்கீழ்ச் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பிழைக்காசு படைக்கும் கைவினைஞர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

ஒன்று மட்டும் தாய்மார்களிடம் வேண்டிக்கொள்கிறோம். ஐயத்திற்குரிய காசு கையில் கிடைத்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். குத்துவிளக்குக்கு அது அழகு, காசுக்கு ஆகாது. மேற்பரப்பின் பழைய தோல்தான் அதன் வரலாற்றைச் சொல்லும் சாட்சி. துலக்கிவிட்டால் தேய்மானமா மெலிந்த அடியா என்று பிறகு எவராலும் கூற இயலாது. ஓரத்தைப் பிடித்து எடுத்து, தாளில் மடித்து வைத்தால் போதும்.

மண்டபத்தின் வாயிலருகே மேசையொன்றில், இங்குக் கூறிய வகைகளுள் சிலவற்றை இணை இணையாக வைத்திருக்கிறோம். பிறையாகக் குறைந்த காசுக்குப் பக்கத்தில் அரத்தால் அறுத்த காசு. அடைபட்ட அச்சின் காசுக்குப் பக்கத்தில் தேய்ந்த காசு. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி இரண்டும், ஒரு காந்தமும், பொற்கொல்லர் தராசு ஒன்றும் அங்குண்டு. பெயர்ச்சீட்டுகளைக் கவிழ்த்தே வைத்துள்ளோம். முதலில் நீங்கள் கூறுங்கள். பின்னர்ச் சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.